நாங்களா, நாமளா

நம் பேச்சில் வம்பு பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. ‘நாம’ என்று சொன்னால் கேட்கிறவரும் அதில் சேர்த்தி. ‘நாங்க’ என்று சொன்னால் கேட்கிறவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியாயிற்று. பிறந்ததிலிருந்து இதைப் பேசுகிற யாரும் யோசித்துப் பேசுவதில்லை. வாய் தானாகச் சரியானதை எடுத்துக்கொள்ளும். இந்தக் கதையில் வரும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கும் இந்த வித்தியாசம் ஒரு நாளும் உறைத்ததில்லை. மனைவி சட்டசபைத் தேர்தலில் நின்ற பிறகுதான் உறைத்தது, அதுவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

“நாளைக்கு நாங்க மார்க்கெட் பக்கம் போறோம்,” என்றாள் அவள், தன் தட்டைக் கழுவிக்கொண்டே.

அவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் வீட்டில் அந்தச் சொல் அவரை வெளியே விட்டுப் புழங்கியதே கிடையாது. நாம இந்த மாசம் கொஞ்சம் பாத்து செலவு பண்ணணும், நாம உங்க தங்கச்சிகிட்ட வாயக் குடுக்கக் கூடாது, எல்லாம் நாமதான். கத்திச் சண்டை போட்டு ஓய்ந்தால்கூட, “நாம ஏன் இப்படி அடிச்சுக்கறோம்?” என்றுதான் முடிப்பாள்.

“நாங்கன்னா யாரு?” என்றார்.

“கட்சிக்காரங்கதான்.”

“அப்ப நான் யாரு?”

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. மாடி வீட்டில் குடியிருக்கும் அவருடைய தங்கை, அந்த நேரம் பார்த்துப் பால் கடன் வாங்க வந்தவள், அண்ணனுக்காக ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி உச்சுக் கொட்டினாள். ஊருக்கெல்லாம் நாம, கட்டினவனுக்கு மட்டும் நாங்களா என்று கேட்டுவிட்டு, பாலோடு மாடியேறிப் போய்விட்டாள். அவள் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் அவரை ரொம்பக் குடைந்தது.

வேட்பாளர் என்ற பட்டம் வருவதற்கு முன்னால் ஊரில் அவளுக்குப் பெயர் பிரேக்கக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். பக்கத்து இருக்கையில் இவள், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு. எதிரே லாரி வரும், கற்றுக்கொள்கிறவருக்கு நாக்கு வறண்டு போகும், இவள் குரல் மட்டும் ஏறவே ஏறாது. “நாம இப்ப கிளட்ச மிதிக்கறோம். நாம இப்ப மெதுவா ஓரம் கட்டறோம். நாம ஒண்ணும் பயப்படல.” இந்த ‘நாம’வைக் கேட்டுக்கேட்டே அந்த ஊரில் பாதிப் பேர் ஓட்டப் பழகினார்கள். அது வெறும் பேச்சு இல்லை. வண்டி பள்ளத்தில் இறங்கினால் இரண்டு பேரும்தானே இறங்க வேண்டும்.

கட்டின கணவருக்குக் கற்றுக்கொடுக்கத்தான் அவளால் முடியவில்லை. ஒரே ஒரு நாள் முயன்று பார்த்து, இரண்டு பேரும் தனித்தனியாக நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

அவள் தேர்தலுக்கு வந்த கதையும் அந்தக் கார் வழியாக வந்ததுதான். ஊரை ரயில் பாதை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறது. இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அலுவலகங்கள். அந்தப் பக்கம் கிடங்குகள், தையல் ஆலைகள், அதில் வேலை செய்கிறவர்களின் தெருக்கள். நடுவில் ஒரு கேட். சரக்கு வண்டிகள் நினைத்த நேரத்துக்கு வரும், நினைத்த இடத்தில் நிற்கும், கேட்டும் அதுபாட்டுக்குச் சாத்திக் கிடக்கும். பாலம் கட்டித் தருகிறோம் என்று சொல்லாத கட்சி இல்லை. பாலத்துக்கு அடிக்கல் நாட்டின கல்வெட்டே இரண்டு இருக்கிறது, பாலம்தான் இல்லை.

ஒரு நாள் அந்தப் பக்கம் பாடம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது கேட்டில் மாட்டிக்கொண்டாள். பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சைரன் அலறிக்கொண்டே இருந்தது. முன்னால் கேட், பக்கத்தில் லாரிகள், ஒதுங்க இடமில்லை. ஸ்டியரிங்கில் இருந்த பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சைரன் நின்றது. கேட் திறக்கவில்லை, வழியும் கிடைக்கவில்லை, சைரன் மட்டும் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று புரிய அவளுக்கு ஒரு நொடி பிடித்தது.

அன்றைக்கு வீட்டில் அவள் சாப்பிடவில்லை. நடந்ததை அவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள், பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அதற்குப் பின் ஒரு சின்னக் கட்சியின் செயலாளர் வந்தார், தெரிந்த முகமாக ஒரு பெண் வேட்பாளர் வேண்டும் என்று. அவர் பேசி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டாள். புருஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மின்வாரிய ஆபீசில் வரிசையில் எவனாவது முன்னால் புகுந்தால்கூடச் சும்மா நிற்கிற ஆள் இவள். இவளாவது, மேடையேறிப் பேசுவதாவது.

மறுநாள் மார்க்கெட்டுக்கு அவர் போகத்தான் செய்தார். யாரும் கூப்பிடவில்லை, ஒரு கடையில் கம்ப்ரசர் பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். போய்ப் பார்த்தால் அங்கே வேறு கதை. இறைச்சிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருகிறார், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த அக்கா என்று. பூட்டுக்கடைக்காரி வருகிறாள். வங்கி மேலாளர் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்து, ஓரம் கட்டினது சரியா என்று கேட்கிறார். வீட்டில் உப்பு டப்பாவை எங்கே வைத்தோம் என்று தேடுகிற பெண், அங்கே ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, யார் எந்தத் திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதார்கள் என்று நினைவாகச் சொல்கிறாள். இவள் என் வீட்டிலா இத்தனை நாள் இருந்தாள் என்று அவருக்கு ஆகிவிட்டது. கம்ப்ரசர் மறந்தே போயிற்று. ஒலிபெருக்கி பேட்டரியைத் தூக்க ஆள் இல்லாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். அவர் போய்த் தூக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருடைய கடைக்கு அரை நாள் பூட்டு. கோபம் மட்டும் உள்ளே அப்படியே இருந்தது.

இந்தப் பக்கத்து ஓட்டு நமக்குப் பாதி, எதிராளிக்குப் பாதி என்று செயலாளர் கணக்குப் போட்டிருந்தார். ஜெயிப்பதும் தோற்பதும் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வாக்குச்சாவடி இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ஷிப்டு முடிந்து வருவதற்குள் மாலைச் சரக்கு வண்டி வந்து கேட்டைச் சாத்திவிடும். நேரம் முடிந்துபோகும் என்று பாதிப் பேர் கேட்டோடு திரும்பிவிடுவார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் இதே கதைதான். அவர்கள் நின்று காத்திருக்கிற அளவுக்கு இவள்மேல் நம்பிக்கை வைத்தால் உண்டு, இல்லையென்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

அதனால் செயலாளர் அவளுக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பக்கம் போனால் ‘நாங்க செய்வோம்’ என்று மறந்தும் சொல்லக் கூடாது, எல்லாக் கட்சியும் அப்படித்தான் சொல்லிக் கெட்டுப்போனது. மூச்சுக்கு மூச்சு ‘நாம’ என்று சொல்ல வேண்டும். கூடவே, புருஷன் வாயிலிருந்து அவர் கேட்டிருந்த அந்த ஆம்புலன்ஸ் கதையையும் எடுத்துவிட வேண்டும். சைரன் நின்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்தினால் போதும், ஓட்டு கொட்டும் என்றார். அவள் தலையாட்டினாள். பிரேக்கக்காவுக்கு ‘நாம’ என்று சொல்லவா கற்றுக்கொடுக்க வேண்டும் என்று புருஷனுக்குச் சிரிப்பு வந்தது.

பார்சல் கிடங்கின் முற்றத்தில் கூட்டம். ஒரு ஷிப்டு முடிந்து வெளியே வருகிறது, இன்னொன்று உள்ளே போகக் காத்திருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, விரல் நுனியில் காய்ந்துபோன ஒட்டுநாடாப் பசை. ஒருத்தரும் உட்காரவில்லை. மைக்கைப் பிடித்து அவள் ஆரம்பித்தாள். நாம எல்லாரும் ஒரே ஊர், நாம இந்தக் கேட்டால் படுகிற பாடு போதும், நாம சேர்ந்து இதற்கு ஒரு முடிவு கட்டணும். நல்ல குரல், நல்ல பேச்சு. புருஷன் பேட்டரிமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு பெருமையாகக் கூட்டத்தைப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம்,” என்றாள் முன்வரிசையில் நின்ற ஒருத்தி.

கிடங்கில் எல்லாரும் அவளைப் பார்சலக்கா என்பார்கள். பெட்டி ஒட்டுகிற வரிசைக்குத் தலைவி. பெரிய உருவம், கட்டைக் குரல், அவசரமே படாத ஆள்.

“நாம, நாமன்னு சொல்றீங்களேம்மா. அதுல யாரு யாரு இருக்காங்க?”

“நீங்க, நான், எல்லாரும்தான்.”

“நீங்க எப்ப வந்தீங்க?” என்றாள் பார்சலக்கா. சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “எங்க தெருவுல நாலு வீட்ல கேட்டுலயே போன உயிர் இருக்கு. அன்னைக்கெல்லாம் நாங்கதான் இருந்தோம். எலெக்‌ஷன் வந்தா எல்லாரும் வந்து நாமங்கறீங்க. முடிஞ்சதும் நாங்க மறுபடி நாங்களாவே இருக்கோம்.”

 மைக் மட்டும் இரைந்தது. செயலாளர் ஓரமாக நின்று, கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார்: சைரன், சைரனைச் சொல்லு. புருஷனும் மனசுக்குள் அதைத்தான் சொன்னார். சொல்லிடு, நானும் பாத்திருக்கேன்னு சொல்லிடு. அந்த ஒரு வார்த்தையில் இந்தக் கூட்டம் மொத்தமும் இவள் பக்கம் சாய்ந்துவிடும்.

அவள் சொல்லவில்லை. மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

“நீங்க சொல்றது சரிதான்,” என்றாள். “கேட் சாத்துனா எனக்கு ஒரு கிளாஸ் லேட்டாகும். எனக்கு அவ்வளவுதான் நஷ்டம். நாமன்னு நான் சொன்னது தப்பு.”

அப்புறம் அவள் பேசினாள். ஆனால் வாயில் ‘நாம’வும் இல்லை, ‘நாங்க’வும் இல்லை. பாலம் கேப்போம். பதில் வர்ற வரைக்கும் கேப்போம். அதுவரைக்கும் இந்தப் பக்கமே ஒரு ஆம்புலன்ஸ் நிறுத்தச் சொல்லிக் கேப்போம். தராட்டி அங்கயே உக்காருவோம். அவ்வளவுதான் பேச்சு. ‘கேப்போம்’ என்றால் போதும், யார் என்று சொல்லாமலே வாக்கியம் நின்றுவிடும். நம் பேச்சு அப்படி ஒரு வசதியையும் வைத்திருக்கிறது. ஆனால் பார்சலக்கா விடுகிற ஆளா?

“கேப்போம்னா?” என்றாள். “நாங்களா, நாமளா?”

“அது என் வாயில இல்லக்கா. நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்ற வரைக்கும் நான் ரெண்டுல எதையும் சொல்லல.”

யாரோ ஒருத்தர் லேசாகச் சிரித்தார். ஒருத்தரும் கைதட்டவில்லை. ஷிப்டு மணி அடித்தது, உள்ளே போக வேண்டியவர்கள் போனார்கள். பார்சலக்கா அவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் செயலாளர் குதித்தார். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் இலக்கண வகுப்பு எடுத்த வேட்பாளரை அவர் இப்போதுதான் பார்க்கிறாராம். கையில் வைத்திருந்த கதையைச் சொல்ல என்ன கேடு என்றார். வேனை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது புருஷனும் அதைத்தான் கேட்டார், கொஞ்சம் தணிவாக.

“அது என்னோட துக்கம் இல்லீங்க,” என்றாள். “அவங்களோடது. நான் சும்மா முன்னாடி வண்டியில உக்காந்திருந்தேன். அத எடுத்து ஓட்டுக்கு வித்தா, அப்புறம் அந்தப் பக்கம் நான் எந்த முகத்தோட கார் ஓட்டறது?”

அவர் பேட்டரியை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார்.  நாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் என்று இத்தனை நாள் முறுக்கிக்கொண்டிருந்த தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்ணைத் தனக்கு முழுசாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் அதைவிடப் பெரிய வெட்கம்.

அதன் பிறகு அவள் எங்கேயும் அந்த இரண்டு சொல்லையும் தொடவில்லை. வீட்டிலும் தொடவில்லை. “காலையில சீக்கிரம் கிளம்பணும்” என்பாள். யார் கிளம்பணும் என்று சொல்ல மாட்டாள். அவரும் கேட்க மாட்டார். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பேட்டரியோடு வாசலில் நிற்பார். தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை. அண்ணனுக்குப் பேச்சே நின்றுபோய்விட்டது, டாக்டரிடம் காட்டலாமா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

வாக்குப்பதிவு நாள் வந்தது. காலையிலிருந்து அவள் சாவடி சாவடியாகப் போய் வந்தாள். அன்றைக்கு ஓட்டுக் கேட்கக் கூடாது. ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஸ்கூட்டரை அவள் ஓட்ட, அவர் பின்னால். மாலை வெயில் சாய்கிற நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். வரிசையே இல்லை. வாசலில் காவலர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து ஓட்டில் பாதிக்கு மேல் விழவே இல்லை என்று உள்ளே இருந்த கட்சி முகவர் வந்து முணுமுணுத்தார். ஷிப்டு இப்போதுதான் விட்டிருப்பார்கள். முதலாளிகள் யாரும் முன்கூட்டி அனுப்பவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தாலே கேட் தெரியும். சாத்தியிருந்தது. சரக்கு வண்டி வந்து, கேட்டுக்குக் குறுக்கே, தலை எங்கோ வால் எங்கோ என்று நின்றிருந்தது. பெட்டிக்குப் பின்னால் பெட்டி, இரும்புச் சுவர் எழுப்பின மாதிரி. அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. சத்தமும் இல்லை.

“திரும்பிப் போயிருப்பாங்க,” என்றாள் அவள்.

அவளுக்குக் குரல் இறங்கி அவர் அன்றுதான் கேட்டார். லாரி எதிரே வந்தபோதெல்லாம் ஏறாமல் இறங்காமல் நின்ற குரல். ஆறுதலாக என்ன சொல்வது என்று தெரியாமல், ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, அவர் கேட்டுக்குப் போனார். ஃப்ரிட்ஜுக்கு அடியில் குனிந்து குனிந்து பழகின உடம்பு. சாலையில் அப்படியே முட்டி போட்டு, தலையைத் தரையோடு வைத்து, பெட்டிகளுக்கு அடியில் பார்த்தார்.

கால்கள். சக்கரங்களுக்கு நடுவே, அந்தப் பக்கம், வரிசை வரிசையாகக் கால்கள். வேலைக்குப் போட்டுப் போகிற கனத்த காலணிகள், தேய்ந்த செருப்புகள், ஒரு கைத்தடியின் முனை, ஒரு சக்கர நாற்காலி. கண்ணுக்கு எட்டின மட்டும் கால்கள். ஒன்றும் அசையவில்லை. ஒன்றும் திரும்பிப் போகவில்லை.  அவருக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. பக்கத்தில் வந்து நின்ற மனைவியின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். வேட்பாளர், கசங்காத உடையில், ஊர் பார்க்க, நடுச்சாலையில் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எத்தன பேருங்க,” என்றாள் கடைசியில், மூச்சு விடுகிற மாதிரி.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் காவலர் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நேரம் முடிந்ததும் மூட வேண்டும், அதற்குள் வாசலுக்குள் வந்தவர்களுக்குத்தான் ஓட்டு. அவள் கேட்டையும் பள்ளிக்கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். காலடியில் பிரேக்கும் இல்லை, கிளட்சும் இல்லை, ஒன்றும் செய்வதற்கில்லை. அந்தப் பக்கம் ஒரு கட்டைக் குரல் மட்டும் கேட்டது, யாரும் அடியில் நுழையாதீங்க, நில்லுங்க, வண்டி போகட்டும் என்று. அந்தக் குரலுக்குக் கூட்டம் கட்டுப்பட்டு நின்றது.

எங்கோ முன்னால் ஒரு குலுக்கல். இரும்போடு இரும்பு இடித்துக்கொண்டே அது ஒவ்வொரு பெட்டியாக வந்து அவர்களைத் தாண்டிப் போனது. பெட்டிகள் நகர்ந்தன. இடைவெளிகளில் முகங்கள் தெரிந்து தெரிந்து மறைந்தன. கடைசிப் பெட்டி போனதும் கேட் தூக்கியது.

அவர்கள் ஓடவில்லை. அதைத்தான் அவர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடியிருந்தால் முட்டி மோதி யாராவது விழுந்திருப்பார்கள். அவர்கள் நடந்தார்கள், வேக வேகமாக, முதியவர்களை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, நாற்காலியைத் தண்டவாளத்துக்கு மேல் நாலு பேர் தூக்கிக்கொண்டு. வேலை முடிந்த களைப்பு அப்படியே முகத்தில் இருந்தது. அவளைப் பார்த்து யாரும் கையசைக்கவில்லை, சிரிக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி இரண்டு பக்கமும் அவளைக் கடந்து போனார்கள். அவளும் வழிவிட்டு ஒதுங்கப் பார்த்தாள்.

“எங்க ஒதுங்கறீங்க? வாங்க,” என்று பார்சலக்கா அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

காவலர் கதவில் கை வைத்திருந்த நேரத்தில் அவர்கள் வாசலுக்குள் நுழைந்தார்கள். கடைசி ஆள் நுழையவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. ஆனால் அங்கேதான் வந்தது வினை. எதிர்க்கட்சி முகவர் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். வேட்பாளரே முன்னால் நின்று ஆள் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறார், இது விதிமீறல், இந்தக் கூட்டத்தில் ஒருத்தரையும் ஓட்டுப் போட விடக்கூடாது என்று கத்தினார். தேர்தல் அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். கூட்டத்தின் நடுவில் வேட்பாளர் நிற்பது உண்மைதான். முழங்கை இன்னும் பார்சலக்காவின் பிடியில் இருப்பதும் உண்மைதான்.

“நீங்களா இவங்களக் கூட்டிட்டு வந்தீங்க?” என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. இத்தனை நாள் ஒரு சொல்லைப் பத்திரமாகத் தொடாமல் வைத்திருந்தவளுக்கு, இப்போது எதைச் சொன்னாலும் இந்த ஜனங்களின் ஓட்டு போய்விடுமோ என்ற பயம். 

பார்சலக்கா முன்னால் வந்தாள்.

“இவங்க எங்களக் கூட்டிட்டு வரல சார்,” என்றாள். “நாங்கதான் இவங்களக் கூட்டிட்டு வந்திருக்கோம்.”

 முகவர் எதையோ சொல்லப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். ஒருத்தரும் கோஷம் போடவில்லை. சொன்னதை வழிமொழிகிற மாதிரி அத்தனை பேரும் சும்மா நின்றார்கள். வேட்பாளர் அழுதுகொண்டிருந்தாள். தான் அழுவது அவளுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

அதிகாரி அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கையில் வரிசை எண் எழுதின துண்டுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, விதியில் சொல்லியிருக்கிறபடி வரிசையின் கடைசி ஆளிடம் போய், அங்கிருந்து ஒவ்வொருத்தராகக் கொடுத்துக்கொண்டே முன்னால் வந்தார். அவள் வெளியே போய் மதில் ஓரமாக நின்றாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். விளக்குப் போட்ட பிறகும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

எண்ணிக்கை நாளில் அவள் ஜெயித்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெட்டியைத் திறக்கிறவரை பின்தங்கித்தான் இருந்தாள். தங்கை மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு, நீ ஏன் ஒன்றும் சொல்லாமல் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாய், சந்தோஷமாக இல்லையா என்று உலுக்கினாள். சந்தோஷம்தான் என்றார். ஆனால் வியக்க வேண்டியதையெல்லாம் அன்றைக்குச் சாலையில் முட்டி போட்டபோதே வியந்து முடித்துவிட்டார். அந்தக் கால்களை இந்தத் தங்கைக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார்.